ஒரு குடும்ப நாவல் படித்தால் என்ன குறைந்துவிடும்?

அமராவதிபுதூரில் பஸ் ஏறிக் காரைக்குடி போகும் காலேஜ் பையன் கையில் சுஜாதா இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராஜேஷ்குமார் இருந்தால் பக்கத்து சீட் அண்ணன், "முடிச்சிட்டுக் குடு தம்பி" என்பார். பொன்னியின் செல்வன் இருந்தால் கேட்கவே வேண்டாம். யாராவது ஒரு பெரியவர், குந்தவையா நந்தினியா என்று ஆரம்பித்துவிடுவார். அதே பையன் கையில் ரமணிச்சந்திரன் இருந்தால்? கடைசி சீட்டிலிருந்து ஒரு "ஓஓஓ" கிளம்பும். "என்ன மாப்ள, அக்கா புக்கை அடிச்சிட்டு வந்துட்டியா?" அன்று முழுக்க கேண்டீனில் அதுதான் பேச்சு.

இப்போது யார் கையில் சார் புத்தகம், எல்லாம் மொபைல்தானே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மொபைலிலும் இதே கதைதான். கிண்டிலில் கிரைம் நாவல் இறக்கியதை ஸ்டேட்டஸ் போடும் பையன், காதல் நாவல் இறக்கியதைப் போட மாட்டான்.

இத்தனைக்கும் கிண்டல் செய்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு குடும்ப நாவலைக்கூட முழுசாகப் படித்தவர்கள் கிடையாது. அட்டையைப் பார்த்திருப்பார்கள். பெரிய கண்ணோடு ஒரு பெண், பின்னால் மங்கலாக ஒரு ஆண், அல்லது ஒரு ரோஜாப்பூ. அதை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவு கட்டியாயிற்று. காமர்ஸ் பாஷையில் சொன்னால், கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்து.

சரி, கிண்டல் செய்பவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு என்ன? "எல்லாம் ஒரே கதை." வசதியில்லாத, ஆனால் தன்மானம் உள்ள பெண். பெரிய தொழில் நடத்தும் கோபக்கார ஆண். முதலில் ஒரு தப்பபிப்ராயம். இடையில் ஒரு பங்களா, ஒரு பொறாமைக்கார உறவுக்காரி, பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தைப் பேசாமல் நூறு பக்கம். கடைசியில் சுபம். ரமணிச்சந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அருணோதயம் பதிப்பகம் போட்ட அந்தப் புத்தகங்களைப் பத்துப் பதினைந்து படித்தவர்களுக்கு இந்த வாய்ப்பாடு மனப்பாடம். அதை மறுத்துப் பேசுவது வீண்.

ஆனால் வாய்ப்பாடு எங்கேதான் இல்லை? கணேஷ் - வசந்த் வந்தால் வசந்த் ஜொள்ளு விடுவான், கணேஷ் கண்டுபிடிப்பான். விவேக் - ரூபலா, பரத் - சுசீலா, நரேந்திரன் - வைஜயந்தி என்று ஒவ்வொரு துப்பறியும் எழுத்தாளருக்கும் ஒரு ஜோடி உண்டு. முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசி அத்தியாயத்தில் கொலையாளி. இதை யாரும் "ஒரே கதை" என்று தள்ளுவதில்லை. 'ஸ்டைல்' என்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் விஷயம் சுவாரசியமாகிறது. குறுந்தொகையில் 401 பாட்டு. எல்லாம் காதல். தலைவன், தலைவி, தோழி, செவிலித்தாய் என்று அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். காதலர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது, வைக்கக் கூடாது என்பதே இலக்கணம். இன்ன நிலத்துக்கு இன்ன பூ, இன்ன பொழுது, இன்ன உணர்ச்சி என்று சட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் ஒவ்வொரு புலவரும் என்ன செய்தார் என்று பார்ப்பதுதான் ரசனை என்று தமிழ் வாத்தியார் பாடம் நடத்துகிறார். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கினார். அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் யாருக்குமே ராமன் ஜெயிப்பானா தோற்பானா என்ற சந்தேகம் இருந்திருக்காது. வால்மீகியில் இல்லாத ஒரு காட்சியை, ராமனும் சீதையும் கல்யாணத்துக்கு முன்பே கண்ணால் சந்திக்கும் காட்சியை, கம்பர் எப்படிக் கொண்டுவந்து வைத்தார் என்று மணிக்கணக்கில் ரசிப்பார்கள். (கன்னிமாடத்தில் ஒரு பெண், தெருவில் ஒரு ராஜகுமாரன், ஒரே பார்வை. இதை இன்றைக்கு யாராவது நாவலாக எழுதினால் அட்டையில் என்ன படம் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!) கம்பனையும் மாத நாவலையும் ஒரே தராசில் வைக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முடிவு தெரிந்த கதையைப் படிப்பது முட்டாள்தனம் என்ற வாதம் மட்டும் தமிழ்நாட்டில் செல்லாது என்பதற்காகச் சொன்னது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். அக்கவுண்டன்சி புத்தகத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே விடை போட்டிருக்கும். இருப்பாய்வு மொத்தம் இவ்வளவு, நிகர லாபம் இவ்வளவு. விடை தெரிந்த பிறகும் ராத்திரி இரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொள்வது ஏன்? அந்தத் தொகைக்கு எப்படி வந்து சேர்வது என்பதுதான் கணக்கு. குடும்ப நாவலின் கடைசிப் பக்கமும் அந்த விடை மாதிரிதான். அந்தப் பெண் அவனை நம்புவதற்கு எது போதுமானது, எந்த இடத்தில் அவள் இறங்கி வருகிறாள், எந்த இடத்தில் இறங்க மறுக்கிறாள் என்ற கணக்கைத்தான் படிக்கிறவர்கள் போட்டுப் பார்க்கிறார்கள்.

பழக்கமில்லாத ஒருவன் முதல் முறை இதைப் படித்தால் முதல் முப்பது பக்கம் கொஞ்சம் கஷ்டம்தான். பிணம் விழவில்லையே என்று கை பக்கத்தைத் தள்ளும். புடவை நிறமும் சமையலும் வந்தால் கண் தாவும். தாவாமல் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும். இந்த நாவல்கள் முழுக்கப் பணம் இருக்கிறது. அப்பா வைத்துவிட்டுப் போன கடன், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, அடகு வைத்த வளையல், தம்பியின் காலேஜ் ஃபீஸ், மாசக் கடைசி. துப்பறியும் நாவலில் லட்சமும் கோடியும் சூட்கேசில் வரும், போகும். பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கி வராது. அந்தப் பெண் சம்பளத்தை எண்ணி வீட்டுக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் இடத்தில், வீட்டில் அம்மா அரிசி டப்பாவில் நோட்டு மடித்து வைப்பது ஞாபகத்துக்கு வரலாம். வராவிட்டால் அந்த வீட்டில் பையன் சமையலறைப் பக்கம் போனதில்லை என்று அர்த்தம்.

எழுதியவர்கள் வாழ்க்கையிலும் இந்தப் பணக் கணக்கு உண்டு. 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி, ஆனந்த விகடனில் கதை எழுதி வந்த பணத்தைக் கொண்டு டாக்டருக்குப் படித்தவர். 'பெண் மனம்' என்ற அவருடைய நாவல்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' என்று சினிமா ஆனது. 1984இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. பொழுதுபோக்கு எழுத்து என்று ஓரங்கட்டப்பட்ட கதைகள் ஒரு டாக்டரை உருவாக்கியிருக்கின்றன!

கிண்டலும் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பு நாவல் என்றாலே பெண்களைக் கெடுக்கும் சமாச்சாரம் என்று பெரிய மனிதர்கள் பயந்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' என்ற புத்தகத்தில் அந்தக் காலத்துப் பயங்களை எல்லாம் பார்க்கலாம். அப்படிப்பட்ட காலத்தில்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள் வந்தார். 1901இல் பிறந்து, ஐந்தரை வயதில் கல்யாணமாகி, பள்ளிக்கூடமே போகாதவர். முதல் கதையை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அன்று பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்றார்கள். இன்று பெண்கள் படிக்கும் நாவலை ஆண்கள் படித்தால் மானம் போய்விடும் என்கிறார்கள். வியாதி அதேதான், நோயாளிதான் மாறியிருக்கிறார்.

இந்தப் புத்தகங்கள் எத்தனை விற்றன என்று பார்த்தால் இவற்றின் உண்மையான அளவு தெரியாது. முக்கால்வாசிப் பேர் இவற்றை வாங்கிப் படித்ததில்லை, வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். டெபாசிட் கட்டிவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்து எடுத்துவரும் லெண்டிங் லைப்ரரிகள் ஊருக்கு ஊர் இருந்தன. அதில் ஒரு ரமணிச்சந்திரன் புத்தகம் எத்தனை கை மாறும் என்று கணக்கே கிடையாது. முதுகில் பிரவுன் டேப், நடுவில் பிரிந்த பக்கத்துக்குத் தையல், ஓரமெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். சரக்கிருப்பு சுழற்சி விகிதம் என்று பரீட்சைக்கு எழுதுகிறோமே, அந்த விகிதத்தில் இந்தப் புத்தகங்களை அடித்துக்கொள்ள கம்பராமாயணத்தாலும் முடியாது. அந்த மஞ்சள் கறை யாருடையது என்று யோசித்தால் இன்னொன்றும் தெரியும். அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் படித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். காதல் நாவல்களைப் பற்றிய புத்தகம்தான். ஆனால் நாவல்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், அவற்றைப் படிக்கிற 42 பெண்களிடம் போய்க் கேட்டார். வீட்டு வேலை, குழந்தைகள், கணவன் என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கே போய்விடுகிறது, புத்தகத்தைத் திறந்தால் அந்த நேரம் தனக்கு என்ற பதில் கிடைத்தது. கையில் புத்தகம் இருந்தால் கூப்பிடாதே என்று அர்த்தம். அமெரிக்காவில் சொன்னது அமராவதிபுதூருக்கும் பொருந்தும். ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் தேய்த்து, அடுப்பு மேடை துடைத்து, கேஸை அணைத்துவிட்டு வந்து அம்மா புத்தகத்தைப் பிரிக்கும்போதுதான் பையன், "அம்மா, சார்ஜர் எங்க?" என்று கேட்பான். அவர் நிமிராமல், "தேடிப் பாரு" என்று சொல்கிறார் என்றால் கதை நல்ல இடத்தில் நிற்கிறது.

இத்தனை வக்காலத்தும் வாங்கிய பிறகு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கணக்குதான். இந்த நாவல்களில் நிஜமாகவே கோளாறு இருக்கிறது. ஆனால் கடைசி சீட் கோஷ்டி கிண்டல் செய்யும் இடத்தில் அது இல்லை.

முதல் கோளாறு, ஹீரோவின் கோபம். கட்டாயப்படுத்திக் கல்யாணம், கையைப் பிடித்து இழுப்பது, சந்தேகப்பட்டு வாயில் வந்ததைப் பேசுவது. கடைசியில் அவன் சின்ன வயசுச் சோகம் ஒன்றைச் சொன்னதும் எல்லாம் மன்னிப்பு. பழைய நாவல்களில் இது அளவாக இருந்தது. இப்போது ஆப்களில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் கதைகள் பலவற்றில் 'ஆண்டி ஹீரோ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடிப்பவன் எல்லாம் உள்ளுக்குள் நல்லவன் என்ற நினைப்பு எத்தனை பெண்களைப் பொறுத்துப்போகச் சொல்லியிருக்கும்? வாசகிகள் இதை எல்லாம் விரும்பித்தான் படிக்கிறார்கள் என்று சட்டென்று சொல்லிவிடவும் முடியாது. ராட்வே பேசிய பெண்களே, பலாத்காரமும் சித்திரவதையும் காதல் நாவலில் இருக்கவே கூடாது என்று கறாராகச் சொன்னவர்கள். எந்த எழுத்தாளர் எல்லை தாண்டுகிறார், யாரை இனி தொடக்கூடாது என்று தரம் பிரிப்பது இந்த நாவல்களைப் படிப்பவர்களுக்குத்தான் தெரியும். வெளியில் நின்று சிரிப்பவனுக்கு அந்த விவாதத்தில் பேசத் தகுதி இல்லை.

இரண்டாவது கோளாறு இதைவிடப் பெரிசு. இந்த நாவல்களில் சாதி இல்லை. அந்தஸ்து வித்தியாசம் உண்டு, பங்களாவுக்கும் ஓட்டு வீட்டுக்கும் நடுவில் மலையளவு தடை உண்டு. ஆனால் பெரும்பாலும் இரண்டு பேரும் என்ன சாதி என்ற கேள்வியே வராது. வராததால் இரண்டு பேரும் ஒரே சாதி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மாவின் சம்மதம் கண்ணீரோடு கிடைத்துவிடும், சொந்தக்காரர்கள் அட்சதை போடுவார்கள். தமிழ்நாட்டில் காதலின் எதார்த்தம் இதுவா? 2013இல் தர்மபுரியில் இளவரசன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடந்தார். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரண்டு பேரும் இந்த நாவல்களைப் படிக்கும் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளின் வயதுதான். இரண்டு பேரும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தத் தடையை மட்டும் எந்த பங்களா ஹீரோவும் தாண்ட வேண்டியிருப்பதில்லை.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். நிஜத்தில்தான் அதெல்லாம் இருக்கிறதே, கதையிலுமா, மனசு லேசாகத்தானே படிக்கிறோம் என்று. நியாயமான பதில்தான். நாள் முழுக்க வேலை பார்த்த ஒருவரிடம் போய் அழுதுகொண்டே தூங்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் இதை முழுசாக ஏற்றுக்கொள்ள முடியாது. ஏனென்றால் கடன், வரதட்சணை, மாமியார் கொடுமை, குடிகாரக் கணவன் என்று எத்தனையோ நிஜக் கஷ்டங்களை உள்ளே விட்டு, அதற்கு ஒரு சுபமான வழியையும் கண்டுபிடித்த நாவல்கள்தான் இவை. அதை எல்லாம் விட்டவர்கள் வாசலில் சாதியை மட்டும் நிறுத்தி வைத்தது தற்செயலாக இருக்காது. பத்திரிகை வாங்கும் எல்லா வீட்டிலும் விற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருக்கும். சாதியை உள்ளே விட்டு எழுதிய காதல் கதையும் தமிழில் உண்டு. பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013இல் வந்தது. இளவரசனுக்குத்தான் சமர்ப்பணம். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், அவன் கட்டிக்கொண்டு ஊருக்குக் கூட்டிவரும் சரோஜா. ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட ஒரு குடும்ப நாவல்தான். புது மருமகள், கோபக்கார மாமியார், கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும் என்று சொல்லும் கணவன். குடும்ப நாவல் படித்துப் பழகியவர்களுக்குச் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே மனசில் இருக்கும். அதனாலேயே அந்த நாவல் அவர்களைத்தான் அதிகமாக உலுக்கும். காதல் நாவலே தொடாதவனுக்கு அதில் பாதிதான் கிடைக்கும்.

காரைக்குடியில் இருப்பவர்களுக்கு இந்தப் புத்தகங்களை மதிக்க ஒரு உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. பக்கத்திலேயே கோட்டையூர். அங்கேதான் ரோஜா முத்தையா இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில். எதை எல்லாம் மற்றவர்கள் குப்பை என்று எடைக்குப் போட்டார்களோ, அதை எல்லாம் வாங்கிச் சேர்த்தார். இலக்கணமும் புராணமும் மட்டும் சேர்த்திருந்தால் யாரும் வித்தியாசமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பழைய நாவல், பத்திரிகை என்று எதையும் விடவில்லை. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேமிப்பை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. எங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் வந்து, ஒரு காலத்தில் ஒளித்துவைத்துப் படிக்கப்பட்ட நாவல்களைக் கையுறை போட்டுப் புரட்டுகிறார்கள். பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் 'பல்ப்' கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, ராஜேஷ்குமாரும் சுபாவும் இருக்கும் அதே புத்தகத்தில் ரமணிச்சந்திரனும் இருந்தார். ஆங்கிலத்தில் வந்ததும் அதை பெங்களூரு ஐ.டி. பையன்கள் பெருமையாகப் படித்தார்கள். தமிழில் இருந்தவரைதான் அது அக்கா புக்.

ஆக, படித்துப் பார்க்க நினைக்கும் பையன்களுக்கு ஒரு யோசனை. கடையில் போய் நின்று விழிக்க வேண்டாம், ஆன்லைனில் ஸ்டார் எண்ணவும் வேண்டாம். ஒன்று படித்துவிட்டுத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம், குறைந்தது இரண்டு. வீட்டிலேயே இதில் பி.ஹெச்டி. முடித்தவர்கள் இருப்பார்கள். அம்மாவோ, அக்காவோ, சித்தியோ, எதிர்வீட்டு ஆச்சியோ. "இதுல முதல்ல எதப் படிக்கலாம்?" என்று கேட்டால் போதும். முதலில் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து முறைப்பார்கள். நிஜமாகத்தான் கேட்கிறான் என்று தெரிந்ததும் பீரோவுக்கு மேல் இருக்கும் அட்டைப் பெட்டியை இறக்கச் சொல்வார்கள். இது வேண்டாம், இதில் அவன் ரொம்ப அடாவடி, இது நடுவில் இழுக்கும், இது எடுத்துக்கோ என்று ஒன்றைப் பொறுக்கித் தருவார்கள். "அழுக்குப் பண்ணாமக் குடுக்கணும், சொல்லிட்டேன்" என்ற எச்சரிக்கையும் கூடவே வரும், ஓரத்தில் ஏற்கெனவே இருபது வருஷத்து மஞ்சள் கறை இருந்தாலும்.